காந்தத்துல ஒட்டுற செம்பு

வா புள்ள, உள்ள வா. வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டு அந்த டின்னை மாரோட அணைச்சுப் புடிச்சா, விக்க வந்தவன்னு யாரு நெனப்பா? கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்த மாதிரியில்ல இருக்கு. இந்தா, இந்தக் கதிரையில உக்காரு. ஒரு கால் ஆடும், செவுத்துப் பக்கமா சாஞ்சுக்க. டின்னை இங்க வை, தராசுக்குப் பக்கத்துல. நான் ஒண்ணும் புடுங்கிக்க மாட்டேன்.

என்னா கூப்புட்ட? மதினியா?

இல்ல, ஒண்ணுமில்ல. இந்தக் கடைக்கு வர்றவங்க அக்காம்பாங்க, முதலாளியம்மாம்பாங்க, தராசு கொஞ்சம் ஏறி எறங்கிருச்சுன்னா வேற என்னென்னமோ சொல்லுவாங்க. மதினின்னு யாரும் கூப்புட்டதில்ல. அதான் காதுல ஒரு மாதிரி விழுந்துச்சு. நான் ஒனக்கு மதினின்னு யாரு சொன்னா?

ராஜலிங்கமா.

ம். ராஜலிங்கத்தோட அக்கா. அப்புடியா சொன்னான். சரி, அவனுக்கு நான் மூணு வயசு மூத்தவதான், அதுல பொய்யில்ல. நீ ஏன் எந்திரிக்கிற? உக்காரு. நான் கோவப்படல. என் மூஞ்சியே அப்புடித்தான், செம்பையும் பித்தளையையும் மொறச்சு மொறச்சுப் பாத்து இப்புடி ஆயிருச்சு. ஒன் பேரு என்னா?

பெற்றீசியா. நல்ல பேரு. வாயில வெச்சா இனிக்குற பேரு. என் பேரு நல்லம்மா. அதையாவது சொன்னானா? இல்ல, வெறும் அக்காதானா? சரி விடு.

சாப்ட்டியா?

இல்ல, கேட்டேன். மணி ரெண்டாகப் போகுதே, சோறு கீறு ஏதும் தின்னியான்னு கேட்டேன். காலையிலேர்ந்து வெறும் பிளேன்டீதானா? நெசமாவா? கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்லாத. சோத்துப் பார்சல் அது இது ஒண்ணும் தின்னல? சரி. நான் பிளேன்டீ ஊத்தித் தாறேன், சீனி இல்ல, கருப்பட்டி கடிச்சுக்க. கூப்பன் சீனி போன வாரமே முடிஞ்சுருச்சு.

இந்த டின்னைத் தூக்கிக்கிட்டு எங்கெல்லாம் போன? மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்குற கடை ரெண்டுலயும் வேணான்னுட்டாங்களா. மடவளைக்குமா போன? பஸ் ஏறியா? மடவளையில முஸ்லிம் நானா கடைக்கா. அவரு என்னா சொன்னாரு? சிரிச்சாரா. சிரிச்சுப்புட்டு, கண்டிக்குப் போயி நல்லம்மாகிட்டக் காட்டுங்க புள்ளன்னாரா. நல்ல மனுசன் அவரு. ஒன்னைய ஏமாத்தணும்னு நெனச்சிருந்தா இரும்பு வெலைக்கு வாங்கிப் போட்டுட்டு அனுப்பியிருப்பாரு.

ஆனா இந்தக் கடைக்கு வரக் கூடாதுன்னுல்ல ஒனக்குச் சொல்லியிருக்கான்? கல்யாணம் முடியிற வரைக்கும் அக்கா கண்ணுல படக் கூடாதுன்னு. அக்கா சரின்னு சொல்ல மாட்டா, அக்காவுக்கு வாய் சரியில்ல. அதெல்லாம் சொன்னானா? நீ தலைய ஆட்ட வேணாம், ஒன் மூஞ்சியே சொல்லுது. வேற போக்கு இல்லாமத்தான் வந்திருக்க. நல்லதுதான். வந்தது நல்லதுதான்.

யாரது வாசல்ல? பழைய போத்தலா? நாளைக்குக் கொண்டாங்க தம்பி, இன்னைக்குத் தராசு ரிப்பேரு.

ஆமா, பொய்தான் சொன்னேன். தராசு நல்லாத்தான் இருக்கு. ஒன்கிட்ட நிம்மதியாப் பேசணும்ல.

சரி, டின்னைப் பாப்போம். மூடியில குதிரைப் படம். இதே மாதிரி ரெண்டு டின்னு இந்தக் கடையில இருந்துச்சு. குண்டசாலையில டக்ளஸ் தொர இருக்காரே, நத்தார் பண்டிகைக்கு பிஸ்கட்டு போட்டு அவரு அனுப்புனது, ரெண்டும் ஒரே மாதிரி, ரெண்டுலயும் குதிரை. ஒண்ணுல நான் தொரைக்குன்னு பொறுக்கி வெச்ச நல்ல செம்புச் சட்டைங்க. இன்னொண்ணுல கழிச்சுப் போட்டது. போன வாரம் ரெண்டும் காணாமப் போயிருச்சு. கேட்டா, தொர ஆளு வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டான், காசு பொறகு வரும்னு சொன்னான் ஒன் ராஜலிங்கம். இப்ப நீ ஒண்ணைக் கொண்டுக்கிட்டு வந்து நிக்கிற.

சம்பளத்துக்குப் பதிலா அக்கா குடுத்ததுன்னு சொன்னானா? ம். அக்கா குடுத்தது.

இல்ல, திருட்டுன்னு நான் சொல்லல. நீ ஏன் அழப் பாக்குற? நீ களவெடுத்தவன்னு நான் நெனச்சிருந்தா கதிரை குடுத்திருக்க மாட்டேன். எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ரெண்டு டின்னுல எந்த டின்னை ஒனக்குக் குடுத்தான்? நல்லதையா, கழிச்சதையா? அது தெரியாம இன்னைக்கு எனக்குப் பச்சத் தண்ணி எறங்காது.

திறக்கவா? பொறு, கை ஈரமா இருக்கு.

அட மாதாவே! வேதக்காரங்க நீங்க அப்புடித்தானே சொல்லுவீங்க? என்னா இப்புடிப் பளபளன்னு வெச்சிருக்க? எதப் போட்டுத் தேச்ச? கொறக்காய்ப் புளியும் சாம்பலுமா. ஒவ்வொண்ணையுமா? ஒக்காந்து ராவும் பகலுமாத் தேச்சிருக்கியே, வெரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஊசித் தழும்பும் தெரியுதே, தையக்காரியா நீ? கட்டுகஸ்தோட்டைத் தையக்கடையிலயா? அந்தக் கைக்கு இது தேவையா? மினுக்குனாத்தான் வெல ஏறும்னு அவன் சொன்னானா? அவனா சொன்னான்?

அதுதான் எனக்கு இடிக்குது புள்ள. இந்தத் தொழில்ல இருக்குற எவனும் இதத் தேய்க்க மாட்டான். இது குண்டு இல்ல, பயப்புடாத, குண்டுக்குப் போடுற சட்டை. தொர இங்கிலீசுல ஜாக்கெட்டும்பாரு. பாரு, ஒரு பக்கம் வாய் தொறந்திருக்கு, ஒரு பக்கம் மூடியிருக்கு. நீ தைக்கையில வெரல்ல மாட்டுவியே ஒரு மூடி, அதே மாதிரி, அதைவிட ஒல்லி. அதுக்குள்ள ஈயத்த வெச்சு, மேசையில பூட்டுன ஒரு மெசின்ல அமுக்கி, தொர தனக்கு வேணுங்குற குண்ட அவரே செஞ்சுக்குவாரு. காட்டுப் பன்னி சுடவும், துப்பாக்கிச் சங்கத்துல குறி வெச்சுப் பழகவும். முந்தியெல்லாம் சீமையிலேர்ந்து பொட்டி பொட்டியா வரும். இறக்குமதிய நிப்பாட்டுனதுலேர்ந்து ஒண்ணும் வாறதில்ல. அதனாலதான் பழசுக்கு மவுசு. வெள்ளக்கார தொரமாரு தோட்டத்த வித்துட்டுப் போகையில பங்களா அலுமாரியில போட்டுட்டுப் போனது, ஏலத்துல வந்தது, இப்புடித்தான் கெடைக்கும்.

டக்ளஸ் தொர இதுல எப்புடிப்பட்ட ஆளுன்னா, கருத்துக் கெடக்கணும்பாரு. செம்பு கெடந்து கெடந்து சாக்லேட்டு மாதிரி ஆகும் பாரு, அந்தக் கருப்பு. கலரப் பாத்தே, இது எந்த ஊருச் செம்பு, எவ்வளவு நாளாக் கெடக்குதுன்னு சொல்லிரலாம். தேச்சு மினுக்கிக் கொண்டு போனா, எதையோ மறைக்கிறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாரு. இது ராஜலிங்கத்துக்கு நல்லாத் தெரியும். தெரியாம இருக்குமா? நான்தானே சொல்லிக் குடுத்தேன்.

என்னா, அவனுக்குத்தான் கண்ணு நல்லாருக்குன்னு சொன்னானா? கல்லுல போட்டுப் பாத்தே செம்பா பித்தளையான்னு சொல்லிருவானாமா? அதையும் அவன் வித்தைன்னு ஒன்கிட்ட அளந்திட்டானா! அடப்பாவி. அது எங்கப்பன் வித்தை புள்ள. இந்தக் கடை எங்கப்பன் கடை. அவன் வேலை தேடி வந்து நிக்கையில, பித்தளைக்கும் செம்புக்கும் வித்தியாசம் தெரியாது. மஞ்சளா இருந்தா தங்கமான்னு கேட்டவன். நான்தான் அவன் கையப் புடிச்சு, வாயத் தடவிப் பாரு, கனத்தப் பாரு, கல்லுல போட்டுச் சத்தத்தக் கேளுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். இப்ப அத எங்க ஒக்காந்து ஒனக்குச் சொன்னான்?

வாவிக்கரையிலயா.

வாவியச் சுத்தி நடந்தீங்களா. கடலை வாங்கித் தந்தானா. ம். எத்தன தடவை? வேணாம், சொல்லாத.

எனக்கு வயிறு எரியுது, அத ஒன்கிட்ட மறைக்கல. நான் பொறந்ததுலேர்ந்து கண்டியிலதான் இருக்கேன். அந்த வாவி இந்தா, ஒரு கூப்பிடு தூரம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வா நடந்துட்டு வருவோம்னு என்னைய அவன் கூப்புட்டதில்ல. பெரஹரா ஊர்வலம் பாக்கக்கூட நான் தனியா ஜனத்துல நசுங்கிக்கிட்டுப் போயிட்டு வந்தவ. கேட்டா, காலு வலிக்குதும்பான். ஒனக்கு மட்டும் அந்தக் காலு வலிக்கல. என்னா பண்றது, ஒன் காலு கொலுசு போட்ட காலு. என் காலு ஆணி குத்துன காலு.

ஆமாம்மா, அக்காதான். அக்காமாருக்கு வயிறு எரியாதா? தம்பிமாருங்க அக்காவ ஒரு நாளாவது வெளிய கூட்டிக்கிட்டுப் போக வேணாமா?

ஏன் என் கழுத்தப் பாக்குற? தாலிதான். அக்காவுக்குத் தாலி இருக்கக் கூடாதா? கல்யாணம் ஆகலன்னு சொன்னானா? ஓ, கட்டுனவன் விட்டுட்டுப் போயிட்டான்னா. அப்புடியா சொன்னான். நாக்கு எப்புடித்தான் வந்துச்சோ. என் வீட்டுக்காரரு விட்டுட்டெல்லாம் போகல. வெளியூரு போயிருக்காரு. இன்னைக்குத்தான் போயிருக்காரு.

ஒன் காது ஏன் மூளியா இருக்கு? வந்ததுலேர்ந்து பாக்குறேன். ஓட்டை பெரிசா இருக்கு, கனமான தோடு போட்டிருந்திருக்க. தாலி செய்யக் குடுத்தியா? அவன்கிட்டயா? புறாப் படம் போட்டு வேதக்காரத் தாலி செஞ்சுக்கிட்டு வாறேன்னானா. யாகப்பர் கோயில்ல வெச்சுக் கட்டுறேன்னானா. ஏன் கேக்குறேன்னா, எனக்கும் ஒரு தோடு இருந்துச்சு. எங்கம்மாவோடது. அதையும் ஒருத்தரு தாலி செய்யத்தான் வாங்கிக்கிட்டுப் போனாரு. என்னைய மாதிரியே நீயும் கழட்டிக் குடுத்திருக்க. அதையும் நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரி செஞ்சிருக்கோம்.

மணியா? ரெண்டே காலு. நாலு மணிக்கு குட்ஷெட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லியிருக்கானா? திருகோணமலை பஸ்ஸு. டின்னை வித்து ஒனக்கு ஒரு சீலை வாங்கிக்க, நான் வந்து டிக்கட்டு எடுக்குறேன்னானா. சீலை என்னா கலர்ல வாங்கச் சொன்னான்? வெள்ளையா. சரி. அவசரப்படாத. நாலு மணி பஸ்ஸு எங்கயும் போயிறாது. செம்பு வேலையில அவசரம் ஆகாது. ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் வெல சொல்லுவேன். அள்ளித் தராசுல போடுறது பழைய பாத்திரத்துக்கு.

இப்ப பாரு. கலரு போச்சு, நீ தேச்சுட்ட. வாயப் பாப்போம். நல்ல சட்டைக்கு வாய் சுத்தி ஒரே ஒசரமா இருக்கணும், வெடிப்பு இருக்கக் கூடாது. வெடிச்சிருந்தா அது பழைய செம்பு வெலதான். இது நல்லாருக்கு. இதுவும் நல்லாருக்கு. கனமும் ஒக்குது. நல்ல டின்னுலயும் இப்புடித்தான் இருந்துச்சு. ரெண்டு டின்னுலயும் இருக்குற சட்டை ஒரே அளவுதான். அதான் தொல்லை.

கல்லுல போட்டுக் காட்டவா? செம்புன்னா சத்தம் அடங்கி விழும், தட்டுன்னு. இரும்புன்னா துள்ளும், கிணிங்குன்னு. கேளு. சீ, இந்த பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுக் கெடுத்துட்டான். இன்னொருக்கப் போடுறேன். ஒனக்கு எப்புடிக் கேட்டுச்சு? துள்ளுச்சா? எனக்குக் காதுக்குள்ள என் சத்தமே கேக்குது.

காந்தமா? இருக்கு. அந்தா அந்த மேசை லாச்சிக்குள்ள. பழைய ரேடியோவுலேர்ந்து கழட்டுனது, கை நழுவுனா வெரல நசுக்கிரும். மொதல்லயே அத எடுத்திருந்தா இவ்வளவு நேரம் பேச்சே இல்ல, தெரியும். வந்த ஒடனே அதத்தான் எடுக்கணும். இன்னைக்கு எனக்கு அத எடுக்க மனசு வரல.

ஏன்னா, இரும்புச் சட்டைன்னு ஒண்ணு இருக்கு புள்ள. உள்ள சுத்த இரும்பு, மேல செம்பு ஒரு பூச்சு. வெங்காயத் தோலு மாதிரி. யுத்த காலத்துல செம்பு கெடைக்காம செஞ்சது. பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கப்பன் செத்த பொறகு, ஒரு தடவை தெரியாம அதக் கலந்து குடுத்துட்டோம். தொரையோட மெசின்ல குண்டு அமுக்குற ஓட்டை கீறிப் போச்சு. கண்டியெல்லாம் கேக்குற மாதிரி இந்த வாசல்ல நின்னு கத்துனாரு. அன்னையிலேர்ந்து ஒண்ணொண்ணாக் காந்தத்துல காட்டித்தான் பிரிக்கிறேன். நல்லது ஒரு டின்னு, இரும்பு ஒரு டின்னு. நல்ல டின்னு நெறைய எனக்கு மூணு வருசம் ஆச்சு. தொர ஒண்ணு ஒண்ணுக்கும் தனித்தனியா வெல குடுப்பாரு, அத வித்து கடைக்குப் பின்னால ஒரு அறை எறக்கிக் கட்டணும்னு இருந்தேன். புள்ளை குட்டி இல்லாட்டியும் மனுசி நீட்டி நிமுந்து படுக்க ஒரு எடம் வேணாமா?

அத அவன் தூக்கி ஒனக்குக் குடுத்திருந்தா, நீ அவனுக்கு அம்புட்டு ஒசத்தின்னு அர்த்தம். நான் அப்புடித்தான் கணக்குப் போட்டேன். நீ வாசல்ல வந்து நின்னு, குதிரைப் படம் தெரியவும், எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துருச்சு. நான் ஒண்ணொண்ணாப் பொறுக்குனத இவ கையில குடுத்திட்டானே, இவ என்னா என்னையவிட ஒசத்தின்னு. நீ அழகிதான், நான் இல்லேங்கல. முடி இருக்கு, பல்லு இருக்கு, சிரிச்சா குழி விழுது. கழுத்துல ஒரு வேர்க்குரு இல்ல. ஆனா செம்பத் தொட்டுப் பாத்துச் சொல்லுவியா நீ? ஒனக்குத் தெரியுமா அது? ஒன்னைய எதுக்கு...

சரி. விடு. எடுக்குறேன் காந்தத்த.

கைய வெலக்கிக்க.

ஒட்டிருச்சு.

இன்னொண்ணு தா. ஒட்டிருச்சு. அடியிலேர்ந்து எடு, மேல இரும்ப வெச்சு அடியில செம்ப வெச்சிருப்பான். அதுவும் ஒட்டுது. பாரு, ஒண்ணு ஒண்ணாத் தொங்குது, மாலை மாதிரி. இன்னும் கொஞ்சம் அள்ளு. எல்லாம் இரும்பு! எல்லாம் இரும்பு புள்ள! இந்தா பாரு, வாய் ஓரத்துல வெள்ளையாத் தெரியுதே, நீ கொறக்காய் போட்டுத் தேச்சதுல தோலு உரிஞ்சிருக்கு. நான்தான் பளபளப்புல கவனிக்காமப் போயிட்டேன். மடவளை நானா இதப் பாத்துத்தான் சிரிச்சிருக்காரு.

நான் சிரிக்கிறேன்னு கோவிச்சுக்காத. எனக்கு அம்புட்டு சந்தோசம். கெட்ட மனசுதான், இருந்துட்டுப் போகுது. நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிட்டு இருந்த கல்லு எறங்கிருச்சு. ஒனக்கும் அவன் கழிச்சதத்தான் குடுத்திருக்கான். வாவிக்கரையும் கடலையும், கடைசியில காந்தத்துல ஒட்டுற செம்பு.

அழாத. இந்தா, முந்தானைய விடு, இந்தத் துணியில தொட. அது எண்ணைத் துணி, வேணாம், இந்தா இது. பிளேன்டீய ஒரு மடக்குக் குடி. அவனுக்குத் தெரியாம மாறிப் போயிருக்கும்னா சொல்ற? இல்லம்மா. மூடிக்கு உள்பக்கம் பாரு, ஆணியால கீறி ஒரு பெருக்கல் போட்டிருக்கேன். கழிச்ச டின்னுக்கு அடையாளம். அந்த அடையாளத்தப் போடச் சொன்னதே அவன்தான். வாங்குறவன் கண்ணுல படாம உள்பக்கமாப் போடுன்னான். அது எனக்கு வந்த ஒடனேயே தெரிஞ்சிருக்கணும், மூடியத் திருப்பிப் பாக்க எனக்குத்தான் தைரியம் இல்ல.

எங்க போற? குட்ஷெட்டுக்கா? அவனையே கேக்கப் போறியா? உக்காரு புள்ள. உக்காருன்னா உக்காரு.

எனக்கு இப்ப சிரிப்பு நின்னுருச்சு, பாத்தியா. ஏன்னா இப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைக்குது. கழிச்ச டின்னு இங்க இருக்கு. அப்ப நல்ல டின்னு எங்க? தொரைகிட்டப் போகல, நான் நேத்தே ஆளு விட்டுக் கேட்டுட்டேன். அவரு டின்னையும் பாக்கல, குதிரையையும் பாக்கல.

நீ அவனைக் கடைசியா என்னைக்குப் பாத்த? ஞாயித்துக்கெழமையா? பூசை முடிஞ்சு? அதுக்குப் பொறகு பாக்கவே இல்ல? இன்னைக்குக் காலையில கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எறங்கி ஒன்னைய வந்து பாக்கல? யோசிச்சுச் சொல்லு. வெள்ளனயே, விடிஞ்சும் விடியாம. தையக்கடை தொறக்குறதுக்கு முந்தி. வரல. கையில ஒண்ணும் கொண்டாந்து குடுக்கல. ஒரு பார்சல், வாழையெலையில கட்டி, பேப்பர் சுத்தி. இல்ல.

அதத்தான் வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், சாப்ட்டியா சாப்ட்டியான்னு. எனக்கு ஒன் பசி மேல அக்கறைன்னு நெனச்சியா?

நாலு மணிக்கு அவன் வரமாட்டான் புள்ள. அவன் காலையில மொத பஸ்ஸுலயே போயிட்டான். திருகோணமலைக்குத்தான். நேவிக் காம்புல பழைய செம்பு ஏலம் விடுறாங்க, ஒரு வாரத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனான். நானே குட்ஷெட்டு வரைக்கும் போயி ஏத்திவிட்டேன். அவன் அக்காவா ஏத்திவிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காத. அவனுக்கு அக்காவே கெடையாது. என் வீட்டுக்காரரு வெளியூரு போயிருக்காருன்னேனே, அது அவன்தான். இந்தத் தாலி அவன் கட்டுனது. ஒனக்குப் பாதி வழியிலயே தெரிஞ்சிருக்கும், தெரியாத மாதிரி உக்காந்திருந்த. நானும் சொல்லாத மாதிரி உக்காந்திருந்தேன்.

பஸ்ஸுல பக்கத்து சீட்டுல துண்டப் போட்டுப் புடிச்சு வெச்சிருந்தான். யாருக்குன்னு கேட்டேன். லொறிக்காரன் ஒருத்தன் வழியில ஏறுவான், ஏலத்துக்குக் கூட வாறான்னான். சோத்துப் பார்சலும் ரெண்டு கட்டச் சொன்னான், ஒண்ணு எனக்கு ஒண்ணு லொறிக்காரனுக்குன்னு. சரின்னு கட்டுனேன். கூப்பன் அரிசி, தேங்காச் சம்பல், கருவாடு. ரெண்டுலயும் முட்டை வைன்னான். அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. லொறிக்காரனுக்கு எதுக்கு முட்டை? ஆனா கேக்கல. கேட்டா என்னா சொல்லிருவானோன்னு கேக்கல. வீட்டுல ஒத்த முட்டைதான் இருந்துச்சு. இருட்டோட பக்கத்து வீட்டு ராக்கம்மாவ எழுப்பி, இன்னொண்ணு கைமாத்தா வாங்கிக்கிட்டு வந்தேன்.

பொறகு நீ வாசல்ல வந்து நின்ன. மதினின்ன. ஒரு நிமிசம் எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு புள்ள, எரிச்சலோட எரிச்சலா. சரி, இவதான், இவ மூஞ்சி இதுதான், இவ பேரு இதுதான், இப்ப என் கதிரையில உக்காந்திருக்கான்னு. ஒன்னையே ஒரு வழி பண்ணிரலாம்னு இருந்தேன். அந்த ரெண்டாவது பார்சலு ஒனக்கா இருந்திருக்கலாம்.

நீயும் இல்ல. வேற எவளோ, நல்ல டின்னை மடியில வெச்சுக்கிட்டு, காலையிலயே தம்புள்ளையத் தாண்டி எங்கயோ சன்னல் ஓரமா உக்காந்து பார்சலப் பிரிச்சிருப்பா. அவ மொகரை எப்புடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.

அவ தின்ன அந்த முட்டையையும் நான்தான் உரிச்சு வெச்சேன். பஸ்ஸுல உக்காந்து உரிக்கக் கஷ்டமாச்சே, கடிக்கையில பல்லுல ஓடு தட்டுப்படக் கூடாதேன்னு ரெண்டு தடவை கழுவி வெச்சேன்.